அல்ஹம்ராவின் சுவர்களும் பைத் எனும் சொல்லும்

அரபு மொழியில் 'பைத்' என்றால் வீடு. அதே சொல்லுக்குச் செய்யுளின் ஓரடி என்றும் பொருளுண்டு. நம் பக்கத்து மணவீடுகளில் 'பைத்து ஓதுதல்' என்று வழங்குகிறோமே, அந்தப் பைத்து இதுவே. செய்யுளடியின் ஒரு பாதிக்கு 'மிஸ்ராஉ' என்று பெயர். இரட்டைக் கதவில் ஒரு கதவுக்கும் அதே பெயர்தான். அசைகளுக்கு இட்ட பெயர்களோ கூடாரத்திலிருந்து வந்தவை: ஒன்று 'ஸபப்', அஃதாவது கயிறு, மற்றொன்று 'வதத்', அஃதாவது முளை. மதரஸாவில் அரூள் எனும் யாப்பிலக்கணம் பயின்ற நாளில் இவற்றையெல்லாம் மனனம் செய்தோம். உஸ்தாது கேட்டபோது ஒப்புவித்தோம். வீடும் பாட்டும் ஏன் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பார்த்தோமில்லை. அந்த எண்ணம் மிகப் பிந்தி, ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரின் அல்ஹம்ரா அரண்மனையைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் வந்தது. நாம் கிரனாடாவுக்குச் சென்றதில்லை. நூல்களும் படங்களும் வாயிலாக அறிந்தவற்றையே நேயர்கள் முன் வைக்கிறோம்.

வீடு கட்டுவோர் நம்மிடம் வந்து கேட்கும் வினாக்கள் காலத்தோடு மாறிவிட்டன. முன்னர்க் கிப்லாத் திசையையும் வாசற்கால் நிறுத்தும் நாளையும் கேட்டவர்கள், இப்போது தரைக்கு ஒரு வேலைப்பாடு, திரைச்சீலைக்கு ஒரு வேலைப்பாடு, சுவருக்கு மற்றொன்று என்று வைத்தால் குற்றமாகுமா என்று கேட்கிறார்கள். சிலர் கேட்பது மார்க்கக் குற்றத்தைப் பற்றியுமன்று. பூவும் கட்டமும் கோடும் ஓரறையில் ஒன்றோடொன்று பிணங்காமல் இருக்குமா என்பதே அவர்கள் கவலை. ஆலிமிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் நகைத்தோம். பின்னர் யோசித்தபோது, நம் முன்னோர் இக்கேள்விக்குச் சுவர்களிலேயே விடை எழுதி வைத்திருப்பதை உணர்ந்தோம்.

அதற்கு முன் ஹதீஸ் நூல்களில் பதிவான ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். கரை வேலைப்பாடுள்ள 'கமீஸா' எனும் போர்வையொன்றை அணிந்து பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். தொழுகையினூடே அதன் வேலைப்பாட்டின் மீது பார்வை சென்றது. தொழுது முடித்ததும், அதனை அபூ ஜஹ்ம் என்பாரிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடற்ற 'அன்பிஜானிய்யா' எனும் கம்பளியை வாங்கி வருமாறு பணித்தார்கள். அந்த வேலைப்பாடு தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்துவிட்டதென்றும் கூறினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மதரஸாவில் பயின்ற எவரும் இதனை மறந்திருக்க முடியாது.

நாமும் மறக்கவில்லை. மறவாததனால் விளைந்த பிழையொன்றையும் ஈண்டு ஒப்புக்கொள்கிறோம். ஸனது பெற்று வந்த புதிதில், கடலோர ஊரொன்றில் ஒரு பழைய வீட்டார் நம்மை அழைத்தனர். அவ்வீட்டுக் கூடத்தின் சுண்ணாம்புச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பச்சைக் கொடியொன்று நான்கு பக்கமும் ஓடியது. அதற்குக் கீழே செங்காவிப் பூச்சு. மேலே வாசல்தோறும் அரபெழுத்து. தரையிலே கட்டம் போட்ட கற்கள். சொத்துப் பிரிந்து வீடு புதுப்பிக்கப்படும் நேரம் அது. இவற்றை வைத்திருக்கலாமா, தொழுகைக்குக் கேடாகுமா என்று கேட்டனர். நாம் சற்றும் தயங்காமல் அபூ ஜஹ்மின் போர்வையை எடுத்துரைத்து, வெள்ளையடிக்கச் சொன்னோம். வெள்ளையும் அடித்தார்கள். திண்ணையோரம் அமர்ந்திருந்த அவ்வீட்டு மூதாட்டி மட்டும், "அந்தக் கொடியில இலைய எண்ணித்தான் ஆலிம்சா, நான் எண்ணப் படிச்சேன்" என்றார். மறுத்துச் சொன்னதாக அன்று நமக்குத் தோன்றவில்லை. அவர் மறுத்தும் சொல்லவில்லை.

இனி அல்ஹம்ராவுக்கு வருவோம். 1238-ல் கிரனாடாவைக் கைக்கொண்ட முஹம்மது இப்னுல் அஹ்மர், ஸபீக்கா குன்றின் மீது இந்தக் கோட்டையரண்மனைக்கு அடிகோலினார். 'ஹம்ரா' என்றால் சிவந்தது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இன்றும் தெரிவது செம்மண் நிறத்துச் சுவர்களே; உள்ளே இருப்பதை வெளிச்சுவர் சிறிதும் காட்டிக் கொடுப்பதில்லை. இன்று நாம் படங்களிற் காணும் மண்டபங்கள் பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டில் இருவர் காலத்து வேலை. ஒருவர் 1333 முதல் 1354 வரை ஆண்ட முதலாம் யூசுப். மற்றவர் அவர் மைந்தர் ஐந்தாம் முஹம்மது. இடையில் 3 ஆண்டுகள் அரியணை இழந்து மீண்டும் பெற்று, 1391 வரை ஆண்டவர் இவர்.

ஐந்தாம் முஹம்மது கட்டியவற்றுள் ஒன்று, இன்று 'இரு சகோதரியர் மண்டபம்' என வழங்கும் அறை. அந்நாளில் அதன் பெயர் 'அல்குப்பத்துல் குப்ரா', பெரிய குவிமாடம். சகோதரியர் என்றவுடன் சிறைப்பட்ட இளவரசியர் இருவரைப் பற்றிய கதைகள் கிளம்பிவிட்டன. உண்மையில் அச்சகோதரியர் தரையில் பதித்த இரண்டு பெரிய வெண் பளிங்குக் கற்கள்; உருவிலும் அளவிலும் ஒத்தவை. அவற்றின் மீது கோடுமில்லை, பூவுமில்லை. அரண்மனையிலேயே வேலைப்பாடு மிகுந்த அறைகளில் ஒன்றுக்கு வேலைப்பாடே இல்லாத இரு கற்களின் பெயர் நிலைத்ததை எண்ணி நாம் பலமுறை வியந்ததுண்டு.

அந்த வெற்றுத் தரையிலிருந்து பார்வையை மெல்ல உயர்த்துவோம். முதலில் சுவரின் அடிப்பாகம். இங்கே மெருகேற்றிச் சுட்ட களிமண் ஓடுகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி இழைத்துப் பதித்திருக்கிறார்கள். இதனை அரபில் 'ஸுலைஜ்' என்பர். ஸ்பானிய மொழி இன்றும் ஓட்டுக்கு வழங்கும் 'அஸுலேஹோ' எனும் சொல் அதிலிருந்து பிறந்தது. வெள்ளை, கறுப்பு, நீலம், பச்சை, தேன்மஞ்சள் ஆகியவையே நிறங்கள். வடிவங்களோ முற்றிலும் கணிதம்: நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் பட்டைகள், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் புகுந்து வெளிப்படும் பின்னல். இலையுமில்லை, மலருமில்லை. அமர்ந்திருப்பவன் முதுகு சாயும் இடம் இது. குழந்தையின் ஈரக்கை படும் இடமும் இதுவே. ஆகையால் துடைத்தால் துலங்கும் கடினமான பொருளையும், அண்மையில் நின்று பார்த்தாலும் குழம்பாத திட்டமான வடிவத்தையும் இங்கே வைத்தனர்.

ஓட்டுப் பதிப்புக்கு மேலே எழுத்து வருகிறது. இம்மண்டபத்தில் அமைச்சரும் கவிஞருமான இப்னு ஸம்ரக்கின் நெடும்பாடல் ஒன்றிலிருந்து 24 பைத்துகள் சுற்றிலும் ஓடுகின்றன. அவை ஒரே நீட்டாக எழுதப்படவில்லை. நீள்சட்டமும் வட்டமும் மாறிமாறி வர, அவற்றுள் அடிகள் அமைந்திருக்கின்றன. பாட்டில் அம்மண்டபமே தன்மையிடத்தில் நின்று தன் அழகைப் பேசுகிறது. இது இப்னு ஸம்ரக்குக்கு மட்டும் உரிய வழக்கன்று. அவருக்கு முற்பட்ட இப்னுல் ஜய்யாப், அவருக்கு ஆசிரியராயிருந்த இப்னுல் கதீப் ஆகியோரின் பாடல்களையும் இந்த அரண்மனையின் சுவர்கள் தாங்கின. வாயில்களின் இருபுறமும் நீர்க்குடம் வைப்பதற்கென அமைந்த மாடக்குழிகளைச் சுற்றிக்கூடப் பாட்டுண்டு. அந்நாள் அரண்மனையில் நாற்காலிகளின் ஆட்சியில்லை; விரிப்பிலும் திண்டிலும் தரையோடு அமர்ந்தவர்களே மிகுதி. அவர்கள் பார்வைக்கு எட்டும் வகையில் எழுத்து அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்று நின்றபடியே படம் எடுத்துச் செல்லும் பயணிகள் அறையை ஒரு முழம் உயரத்திலிருந்து தவறாகப் பார்க்கிறார்கள் என்பது நம் கருத்து.

எழுத்துக்கு மேலே சுதை வேலை. ஜிப்ஸக் கலவையில் செதுக்கியும் அச்சில் வார்த்தும் அமைத்த இலையும் கொடியும் இங்கே வருகின்றன. இலைவேலைக்குத் 'தவ்ரீக்' என்று பெயர். இலையைக் குறிக்கும் 'வரக்' எனும் சொல்லடியாகப் பிறந்தது. கீழே கணிதம் ஆண்ட இடத்தை இங்கே தாவரம் ஆளுகிறது. கை படாத உயரமாகையால் மென்மையான சுதை போதும். தொலைவிலிருந்து பார்ப்பதாகையால் நுணுக்கம் மிகுந்தாலும் ஒரு சரிகைத் துணியைப் போல மங்கலாய்த் தோன்றுமேயன்றி உறுத்தாது. அதற்கும் மேலே சதுர அறை எண்கோணமாக மாறுகிறது. எண்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைச் சாளரங்கள். அவற்றின் மீது 'முகர்னஸ்' எனும் தேன்கூட்டுக் குவிமாடம். சிறு சிறு சுதைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காய் எழும்பி உச்சியில் கூடுகின்றன. அங்கே நிறமும் கோடும் பின்னுக்குப் போய், வெளிச்சமும் நிழலுமே வேலைப்பாடாகின்றன. காலையில் ஒரு குவிமாடமும் மாலையில் வேறொரு குவிமாடமும் போலத் தோன்றும் என்று பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்.

ஆக, ஓரறைக்குள் வெறுமை, கணிதம், எழுத்து, இலை, நிழல் என ஐந்து வகைகள். இவற்றில் இரண்டை நம் வரவேற்பறையில் சேர்க்க நாம் அஞ்சுகிறோம். அவர்கள் ஐந்தையும் சேர்த்தும் சண்டை மூளவில்லை. ஏன்?

நமக்குத் தோன்றும் காரணங்களில் முதன்மையானது, ஒவ்வொரு வகைக்கும் இருப்பிடம் வகுத்ததாகும். ஓட்டின் கணிதம் சுதையின் எல்லைக்குள் புகுவதில்லை. சுதையின் கொடி கீழே இறங்கி ஓட்டின் மேல் படர்வதில்லை. இரண்டிற்குமிடையே எப்போதும் ஒரு கரை உண்டு. ஓட்டுப் பதிப்பு முடியுமிடத்தில் கோட்டை மதிலின் உச்சியைப் போன்ற படிக்கட்டுப் பல்வரிசை ஒன்று ஓடும். எழுத்துப் பட்டைக்கு மேலும் கீழும் மெல்லிய இழைகள் ஓடும். சீரும் சீரும் சேருமிடத்தில் தளை என்று ஒன்றை நம் தமிழிலக்கணத்தார் வைத்தார்களே, அதனைப் போன்றது இக்கரை. தளை தட்டினால் எத்துணை நல்ல சொல்லும் காதுக்கு இனிப்பதில்லை.

இரண்டாவது, வகைகள் வேறானாலும் அளவு ஒன்றாயிருப்பது. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றைத் திருப்பினால் எட்டு முனை நட்சத்திரம் பிறக்கும். அது ஓட்டிலும் வரும், மரக்கதவிலும் வரும், கூரையிலும் வரும். முதலாம் யூசுபின் காலத்தில் எழுந்த தூதுவர் மண்டபம் ஒரு பக்கம் ஏறத்தாழ 11 மீட்டர் கொண்ட சதுரம். உயரம் 18 மீட்டருக்கு மேல். அதன் கூரையில் 8017 மரத்துண்டுகளைப் பொருத்தி, வானங்கள் ஏழையும் நினைவூட்டும்படி நட்சத்திர வரிசைகளை அமைத்தனர். கூரையின் அடியில் ஸூரத்துல் முல்க் எழுதப்பட்டுள்ளது. ஏழு வானங்களைப் படைத்ததைப் பேசும் அந்த அத்தியாயத்தை அந்த இடத்தில் வைத்தவருக்கு எழுத்தும் மரவேலையும் வேறுவேறாகத் தோன்றவில்லை என்பது தெளிவு.

நிறத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1834-ல் இரண்டு இளங்கட்டடக் கலைஞர்கள் கிரனாடாவுக்கு வந்தனர். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஓவன் ஜோன்ஸ். மற்றவர் பிரெஞ்சுக்காரரான ஜூல் கூரி. சுவர் சுவராக அளந்து வரைந்துகொண்டிருந்தபோதே கூரி காலரா கண்டு அங்கேயே மாண்டார். ஜோன்ஸ் மீண்டும் சென்று வேலையை முடித்து, 1842 முதல் 1845 வரை பெரிய வண்ணப்பதிப்பாக வெளியிட்டார். வண்ணங்களைக் கல்லச்சில் பதிக்கும் கலை அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தமையால் அச்சுக்கூடத்தையே அவர் தாமாக அமைத்துக்கொள்ள நேர்ந்தது. 1856-ல் வந்த அவருடைய 'அணி இலக்கணம்' எனும் நூல் இன்றும் வடிவமைப்போர் பயிலும் நூல். அதில் அவர் கண்டு சொன்ன நுட்பமொன்று: சுவரின் மேற்பகுதிச் சுதையில் நீலம், சிவப்பு, பொன் என்ற முதல் நிறங்கள்; கீழேயுள்ள ஓட்டிலோ பச்சை முதலிய கலப்பு நிறங்கள். கண்ணுக்கு அருகே அடங்கிய நிறமும், தொலைவிலே பளிச்சிடும் நிறமும் வைத்திருக்கிறார்கள். மேலே ஆங்காங்கே இன்று தெரியும் பச்சையும் முதலில் நீலமாயிருந்து காலத்தால் திரிந்ததே என்றும் அவர் எழுதினார்.

நூலுக்கு 'இலக்கணம்' என்று அவர் பெயரிட்டது நமக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் ஓர் குறை. ஜோன்ஸுக்கு எழுத்து அணியாகத் தெரிந்த அளவுக்குச் சொல்லாகத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. 1854-ல் லண்டனை அடுத்த சிடன்ஹாமில் எழுந்த பளிங்கு மாளிகையில் அல்ஹம்ராவின் படியொன்றை அவர் கட்டிக் காட்டினார். 1936-ல் அம்மாளிகை எரிந்தபோது எஞ்சியது ஏதுமில்லை. அவருக்குப் பின் ஐரோப்பிய வீடுகளில் 'மூரிய அறை' என்று புகைபிடிக்கும் அறைகளை அமைத்தார்கள். அங்கே அரபெழுத்துப் போன்ற வளைவுகள் சுவரில் ஓடின. படித்தால் ஒரு பொருளுமிராது. பைத் இல்லாத பைத் என்று அவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த எழுத்துகளில் என்னதான் இருக்கிறது? திருமறை வசனங்களும் பாடல்களுமே சுவரெங்கும் நிறைந்திருப்பதாக நாமும் மேடைகளில் பேசியிருக்கிறோம். கிரனாடாவிலுள்ள அரபியல் ஆய்வகத்தார் 2009-ல் வெளியிட்ட கணக்கு அதனைத் திருத்திவிட்டது. தூதுவர் மண்டபத்தை உள்ளடக்கிய கொமாரெஸ் அரண்மனையில் மட்டும் அவர்கள் பதிந்த எழுத்துகள் 3116. அவற்றுள் திருமறையும் பாட்டும் சேர்ந்து பத்திலொரு பங்குகூட இல்லை. மிகுதியாய் வருவது, அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை எனும் நஸ்ரிய்யா மன்னர்களின் முழக்கம். பின்னர் பரக்கத், ஆஃபியத் போன்ற ஒற்றைச் சொல் வாழ்த்துகள். நம் பெண்கள் தலையணை உறையில் பூவோடு ஒரு வாழ்த்தையும் தைத்து வைப்பார்களே, ஏறத்தாழ அதே மனம். இச்செய்தி அல்ஹம்ராவைச் சிறுமைப்படுத்துவதாக நாம் கருதவில்லை. அரண்மனையேயாயினும் அது மனிதர் குடியிருந்த வீடு, பள்ளிவாசலன்று.

பெருமை பேசுவதில் இன்னொரு திருத்தமும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தளத்தின் மேல் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் வேலைப்பாட்டை, அதன் சீரமைதியை வைத்துப் பகுத்தால் 17 வகையேயாகும் என்று 1891-ல் ருஷ்ய அறிஞர் ஃபெதரோவ் நிறுவினார். அந்தப் பதினேழும் அல்ஹம்ராவில் உள்ளன என்று நம்மவர் பலர் எழுதுவர். 1944-ல் ஸூரிச் பல்கலைக்கழகத்துக்கு எடித் முல்லர் எனும் அம்மையார் அளித்த ஆய்வில் கிடைத்தவை 11. 1986-ல் வேறு அறிஞர்கள் 13 என்றனர். 1987-ல் பதினேழும் உண்டென்று ஸ்பானியக் கணித அறிஞர்கள் வாதிட்டனர். நிறத்தையும் கணக்கில் கொள்வதா வேண்டாமா என்பதைப் பொறுத்தே வேறுபாடு. அந்த ஓட்டைப் பதித்த தொழிலாளி இவ்வெண்ணிக்கையை அறியான். அவனுக்குத் தெரிந்தது கயிறும் கவராயமும், பக்கத்துச் சுவரில் தன் தந்தை பதித்ததும். டச்சு ஓவியர் எஷர் 1922-லும் 1936-லும் அங்கே வந்து இவ்வோடுகளை வரைந்து பழகினார். பறவையும் மீனுமாய் ஒன்றோடொன்று பொருந்தும் அவருடைய படங்களுக்கு ஊற்று இங்கேதான். உயிருருவங்களை அவர்கள் வரையாது விட்டதற்காக அவர் வருந்தினார் என்பதும் உண்மை. அவ்வருத்தத்தில் நாம் பங்குகொள்ளவில்லை.

சுவர்கள் மட்டுமே அறையல்லவே. வாயில்களில் பட்டுத் திரைகள் தொங்கின. தரையில் விரிப்புகள் கிடந்தன. நஸ்ரிய்யாக் காலத்துப் பட்டுத் துணிகளில் சில இன்று அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் பட்டை பட்டையாக அதே பின்னல், அதே நட்சத்திரம், சட்டத்துக்குள் அதே எழுத்து, ஓட்டின் விளிம்பில் கண்ட அதே பல்வரிசை! சுவரில் இருப்பதைத் துணியும் சொல்லியது. ஆனால் சுவரின் பச்சைக்கும் நீலத்துக்கும் எதிராகத் துணியில் சிவப்பும் மஞ்சளும் ஓங்கின. ஒன்றைச் சேர்ப்பதற்கு ஒன்றை மாற்றினார்கள் போலும். வடிவம் ஒத்திருந்தால் நிறம் மாறலாம். திரைச்சீலை பற்றி நம்மிடம் கேட்கும் பெண்மணிகளுக்கு இந்த ஒரு குறிப்பை மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.

இவையெல்லாம் மன்னர்களுக்கு ஆகும், குடிமக்களுக்கு ஆகுமா என்று கேட்கலாம். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் வணிகர் வீடுகளிலும் கீழே ஓடு, நடுவில் சுதை, மேலே மரம் என்ற வரிசை மாறாது வந்திருக்கிறது. ஓட்டுத் துண்டுகளை முகங்குப்புற அடுக்கிப் பின்புறத்தில் சாந்து ஊற்றும் தொழிலாளர் இன்றும் அங்கே உளர். தாம் அடுக்குவதன் முகத்தை, முடியும்வரை அவர்களும் காண்பதில்லை. கிழக்கே வந்தால் சிரியா. அலெப்போ நகரில் ஒரு வீட்டின் வரவேற்பறை மரப்பலகைகள் 1600-க்கும் 1603-க்கும் இடையே தீட்டப்பட்டவை. பலகைகளில் மலர்களும் கொடிகளும் வேட்டைக் காட்சிகளும் அரபுப் பழமொழிகளும் நிறைந்துள்ளன. வீட்டுக்குரியவர் ஈஸா இப்னு புத்ருஸ் எனும் கிறிஸ்தவ வணிகர். ஸபூர் எனும் சங்கீதத்தின் அடிகள் அரபெழுத்தில் அங்கே ஓடுகின்றன. மர்யம் அன்னையும் குழந்தையும் ஒரு பலகையில், லைலாவும் மஜ்னூனும் மற்றொரு பலகையில். இந்த அணிமுறை ஒரு சமயத்தாரின் தனியுடைமை என்று நாம் எண்ணியிருந்தால், அந்த அறை அதனை மறுக்கிறது. அது அம்மண்ணின் வீட்டு மொழி. அவரவர் அம்மொழியில் தத்தம் பாட்டை எழுதிக்கொண்டனர். பலகைகள் 1912-ல் விலைபோய்ப் பெர்லின் சென்றன. திமிஷ்க் நகரத்து வீடொன்றின் அறையும், ஹிஜ்ரி 1119, அதாவது 1707 என்று ஆண்டு பொறித்தது, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சுவர்களிலும் கவிதை ஓடுகிறது. பெயர்த்தெடுத்த அறையில் பூவேலைப் பலகைகளை இடம் மாற்றி வைத்தாலும் பார்ப்பவன் அறியான். பாட்டெழுதிய பலகை இடம் மாறினால் படிக்கத் தெரிந்தவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

அல்ஹம்ரா 1492-ல் கைமாறியது. புதிதாக வந்த மன்னர்கள் அங்கே வசித்தனர், பழுதும் பார்த்தனர். மிஷ்வர் மண்டபத்து ஓட்டுப் பதிப்பில், வெற்றியாளன் யாரென்று சொல்லும் பழைய முழக்கமும், 'இன்னும் அப்பால்' என்று பொருள்படும் ஐந்தாம் சார்லஸின் இலத்தீன் முழக்கமும் இன்று ஒரே சுவரில் இருக்கின்றன. வென்றவர்கள் வெள்ளையடிக்காமல் விட்டது எவ்வளவோ! இதைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அபூ ஜஹ்மின் செய்தியை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அப்போர்வையைக் கிழிக்கச் சொல்லவில்லை, எரிக்கச் சொல்லவில்லை. கொடுத்தவரிடமே திரும்பச் சென்றது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தொங்கிய உருவம் பொறித்த திரைபற்றிய செய்தியும் உண்டு. திரையாய்த் தொங்கியபோது விலக்கப்பட்ட அத்துணி, வெட்டித் தலையணையாக்கியபோது வீட்டிலேயே இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் சாய்ந்திருந்தார்கள். உருவங்களைப் பற்றிய சட்ட விளக்கம் தனி. அதனுள் ஈண்டு நுழையவில்லை. நம் கண்ணுக்குப் பட்டது, துணி ஒன்றே, இடம் மாறியது என்பது. தொழுபவன் எதிரே எது, அமர்பவன் முதுகுக்குப் பின் எது என்று பிரித்துச் சொல்ல அன்று நமக்குத் தெரிந்திருந்தால், அந்த வீட்டாரிடம் கிப்லாப் பக்கத்துச் சுவரை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மற்ற மூன்று சுவர்களும் தப்பியிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹுக்காக அவ்வூர் செல்ல நேர்ந்தது. மூதாட்டி மறைந்து நெடுநாளாகிறது. அவருடைய பேரன் மனைவி கூடத்துக்கு என்ன நிறம் பூசலாம், சன்னலுக்கு எத்தகைய திரை போடலாம் என்று நம்மிடமே கேட்டார். நாம் விடை கூறுமுன் கூடத்தின் மூலையிலிருந்த விளக்கு மாடத்தைப் பார்க்க விரும்பினோம். அதன் உட்புறத்தில் வெள்ளை பொரிந்து உதிர்ந்திருந்தது. பச்சைக் கொடி மாடத்துக்குள்ளும் வளைந்து சென்றிருக்கிறது. அன்று வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு வந்தபோது அதனை நாம் பார்த்தே இருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலைகளை எண்ணினோம். பதினொன்று முழுமையாகத் தெரிந்தன. பன்னிரண்டாவதில் பாதி சுண்ணாம்புக்குள் இருந்தது. அந்தப் பெண் ஒரு சிறு கரண்டியை எடுத்து வந்து, "சுரண்டலாமா மாமா?" என்றார்.